ஆறுதலுக்குத் தகுதி வேண்டுமோ?

துன்பம் புகுந்த வீட்டுக்குச் சென்று ஆறுதல் கூறுவது தமிழ் மண்ணில் நெடுங்காலமாக நிலைத்துவரும் நற்பழக்கம். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை. பக்கத்து வீட்டார் சமைத்துக் கொண்டுவந்து, உண்ண மறுப்போரையும் வற்புறுத்தி உண்ணச் செய்வர். தொலைவிலுள்ள உறவினர் ஒரு நாள் கூலியை இழந்தேனும் வந்து, சற்றுநேரம் அமர்ந்து, துக்கம் விசாரித்துச் செல்வர். பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கூட அன்று அந்த வாசலை மிதிப்பதுண்டு. இறப்பின்முன் மனிதர் தம் கணக்குகளைச் சற்றே மூடி வைக்கின்றனர் என்பதற்கு இப்பழக்கமே சான்று.

ஆயினும் எல்லாக் கணக்குகளையும் நாம் மூடி வைக்கிறோமா? இறந்தவர் எவ்வாறு இறந்தார் என்னும் கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்து, நம் ஆறுதலின் அளவு கூடுவதும் குறைவதும் உண்டல்லவா? சில துன்பங்களுக்கு நாம் ஓடிச் செல்கிறோம். சிலவற்றுக்குத் தயங்கித் தயங்கிச் செல்கிறோம். சிலவற்றுக்குச் செல்வதே இல்லை. இந்த வேறுபாடு நியாயமானதா? கிறிஸ்தவ நெஞ்சத்துக்கு இது ஏற்புடையதா? நம் விழுப்புரம் மாவட்டம் அண்மை ஆண்டுகளில் கண்ட இரு துயரங்களை அருகருகே வைத்து இதனை எண்ணிப் பார்ப்பது பயனுடையது.

இரு துயரங்கள்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டருக்கும் மேலான மழை கொட்டியது. அடுத்த நாள்களில் தென்பெண்ணை கரைபுரண்டது. அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை வெள்ளம் மூடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையேயுள்ள பாலத்தில் நீர் அபாய அளவை எட்டியதால் இரயில்கள் நிறுத்தப்பட்டன. வீடும் நெல்லும் ஆடுமாடும் இழந்தோர் பலர். அப்போது உதவி பல திசைகளிலிருந்தும் வந்தது. அரிசியும் பாயும் போர்வையும் வந்தன. பள்ளிகளும் மண்டபங்களும் தங்குமிடங்கள் ஆயின. ‘ஆற்றோரம் ஏன் வீடு கட்டினாய்?’ என்று கேட்டுவிட்டு அரிசி கொடுத்தவர் அரிது.

அதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன், 2023 மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் கடலோர ஊரில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். அதில் கலந்திருந்தது மெத்தனால் என்னும் நஞ்சு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி மருத்துவமனைகளிலும் பலர் சேர்க்கப்பட்டனர். மரக்காணம் பகுதியில் மட்டும் 14 பேர் மாண்டனர். அதே நாள்களில் அண்டையிலுள்ள செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே நஞ்சால் சிலர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், முன்பு நம் மாவட்டத்தோடு இணைந்திருந்த கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் இதே கொடுமை பெரிதாக நிகழ்ந்து, 65-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயிற்று.

இரு முறையும் இறந்தோர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 10 இலட்சம் ரூபாய் வழங்குவதாக அறிவித்தது. உடனே எழுந்த பேச்சை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். தேநீர்க் கடையிலும் பேருந்திலும், ஏன், ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும் நேரத்திலுங்கூட அப்பேச்சு எழுந்தது: ‘குடித்துச் செத்தவனுக்குப் பத்து இலட்சமா?’ கள்ளக்குறிச்சி நிகழ்வுக்குப்பின் இத்தொகையை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடரப்பட்டது. தொகை மிகுதியா, தகுமா என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது அரசு நெறி பற்றிய வினா, அதில் நல்லோர் இருபக்கமும் நிற்கலாம். ஆனால் அவ்வினாவின் அடியில் வேறொரு வினா கிடக்கிறது. தன் குற்றத்தால் துன்புற்றவன் இரக்கத்துக்கு உரியவனா? அவனுக்காக அழுபவருக்கு ஆறுதல் பெறும் உரிமை உண்டா?

அறிஞர் இருவர்

இவ்வினா புதியதன்று. கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், பேச்சுக்கலை பற்றிய தம் நூலில் இரக்கத்துக்கு இலக்கணம் வகுத்தார். தகாதவர்க்கு நேரும் பெருந்தீங்கைக் கண்டு நமக்குள் எழும் வேதனையே இரக்கம் என்பது அவர் கருத்து. அவ்வாறாயின், தகுந்தவர்க்கே, அதாவது அத்துன்பத்தைத் தாமே தேடிக்கொண்டவர்க்கே தீங்கு நேருமானால் இரக்கத்துக்கு இடமில்லை. ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ என்னும் நம் ஊர்ப் பழமொழியும் ஏறக்குறைய இதையே கூறுகிறது. தேநீர்க் கடையில் பேசியவர் அரிஸ்டாட்டிலைப் படித்தவர் அல்லர். எனினும் அவர் அறியாமலே அவர் வழி நிற்கிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் இவ்வினாவை நேராக எடுத்துக்கொள்கிறார். அரிஸ்டாட்டிலை அவர் புறந்தள்ளவில்லை. குற்றம் மனமறிந்து செய்யப்படும் அளவுக்கு, அது இரக்கத்துக்கன்று, தண்டனைக்கே உரியது என்று ஒப்புக்கொள்கிறார். அதன்பின் ஒரு நுட்பமான அடி எடுத்து வைக்கிறார். எந்தப் பாவத்திலும், பாவம் செய்பவனே விரும்பாத ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. அவன் தேடியது இன்பம். அவன் மேல் விழுந்தது கேடு. அந்தக் கேட்டை அவன் விரும்பவில்லை. ஆகவே குற்றவாளியும் அந்த அளவில் இரக்கத்துக்கு உரியவனே. இதற்குச் சான்றாக அவர் காட்டுவது நற்செய்தியையே: ஆயனில்லா ஆடுகளைப் போல் அலைக்கழிந்த மக்கள் கூட்டத்தைக் கண்டபோது இயேசுவின் உள்ளம் உருகியது. அக்கூட்டத்தில் குற்றமற்றோரை மட்டும் பிரித்தெடுத்து அவர் இரங்கவில்லை.

எக்கியார்குப்பத்து நிகழ்வை இவ்வொளியில் பார்ப்போம். மாண்டவர் விரும்பியது என்ன? நாள் முழுதும் உழைத்த உடலின் வலியை மறக்க ஒரு குவளைச் சாராயம். அது நல்ல விருப்பம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர் கையில் கிடைத்தது அவர் கேட்டதன்று. மெத்தனால் என்பது தொழிற்சாலைகளில் பயன்படும் எரிசாராயம். நாவுக்கும் மூக்குக்கும் அது சாதாரணச் சாராயத்தைப் போலவே தோன்றும். குடித்த சில மணி நேரத்துக்குப் போதையன்றி வேறொன்றும் தெரியாது. பின்னர் கல்லீரல் அதனை ஃபார்மால்டிஹைடாகவும், தொடர்ந்து ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் இரத்தத்தைக் கெடுத்து, பார்வை நரம்பைத் தாக்குகிறது. மறுநாள் வாந்தியும் வயிற்றுவலியும் கண்மங்கலும் தோன்றும்போது நஞ்சு பெரிதும் பரவியிருக்கும். பிழைத்தவருள்ளும் சிலர் கண்ணிழப்பர்.

நஞ்சு என்றறிந்து குடித்தவர் அங்கு எவருமிலர். நஞ்சென்று அறிந்து விற்றவர்களும், அறிய வேண்டியிருந்தும் அறிய முயலாது விற்றவர்களும், கண்டும் காணாதிருந்தவர்களும் இருக்கக்கூடும். குடித்தவரின் குற்றம் ஒரு குவளை அளவு. அவர் மேல் விழுந்ததோ மரணம். குற்றத்துக்கும் விளைவுக்கும் இடையேயுள்ள இந்தப் பெரும்பள்ளத்தை ‘தானே தேடிக்கொண்டான்’ என்னும் ஒரே சொல்லால் நிரப்பிவிட முடியாது.

இன்னொன்றையும் கருத வேண்டும். இந்நஞ்சுக்கு மருந்து உண்டு. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சையும் உண்டு. ஆனால் காலம் தாழ்த்தினால் அவை பயன்படா. கள்ளச்சாராயம் குடித்தேன் என்று சொல்ல வெட்கி, ஊரார் ஏளனத்துக்கு அஞ்சி, வீட்டுக்குள்ளேயே ஒருவர் சுருண்டு படுத்திருந்தால், அவர் உயிரைக் கொண்டுபோவது மெத்தனால் மட்டுமன்று. தகுதி பார்த்து அளக்கப்படும் இரக்கம், அளக்கும்போதே சிலரைக் கொன்றுவிடுகிறது.

ஆண்டவரின் வழி

பிலாத்து கலிலேயர் சிலரைக் கொன்ற செய்தியைச் சிலர் இயேசுவிடம் கொண்டுவந்ததை லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரம் கூறுகிறது. அவரோ சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரையும் தாமே நினைவூட்டி, அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவரினும் பெரிய குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களோ என வினவுகிறார். இல்லை என்று தாமே விடையும் கூறுகிறார். ஆனால் அத்துடன் நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களை நோக்கி, நீங்கள் மனம் மாறுங்கள் என்கிறார். இங்கே கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. இறந்தவரைப் பற்றிய தீர்ப்பைக் கேட்டு வந்தவர்களிடம், அவர் உயிரோடிருப்பவர்க்கான அழைப்பைக் கொடுத்தனுப்புகிறார். விரல் பிணத்தை நோக்கி நீள்வதில்லை. நம்மை நோக்கித் திரும்புகிறது.

பிறவிக் குருடரைக் கண்டபோது, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர் கேட்டனர். இயேசு இரண்டையும் மறுத்து, கடவுளின் செயல் வெளிப்பட வேண்டும் என்று கூறி, சேறு குழைக்கத் தொடங்கினார். சீடர் காரணம் தேடினர். ஆண்டவர் கைவேலையில் இறங்கினார்.

நயீன் ஊர்க் கைம்பெண்ணின் நிகழ்ச்சி இன்னும் எளியது. அவள் ஒரே மகனின் உடலைப் பாடையில் கொண்டு செல்கின்றனர். அவன் எவ்வாறு இறந்தான்? நோயினாலா, சண்டையினாலா, தீய நட்பினாலா? லூக்கா கூறவில்லை, இயேசுவும் கேட்கவில்லை. அழாதே என்று தாயிடம் சொன்னார், பாடையைத் தொட்டார். மரணத்தின் காரணத்தை விசாரிக்காமல் தாயின் கண்ணீரை மட்டுமே பார்த்த அந்தப் பார்வைதான் கிறிஸ்தவ ஆறுதலின் ஊற்று.

ஓர் எதிர்வினா

நல்லெண்ணமுடைய பலர் இங்கு ஓர் ஐயம் எழுப்புவர். இவ்வாறு எல்லார்க்கும் ஆறுதல் வழங்கினால் குடியை நாமே ஊக்குவித்ததாகாதா? பாவத்தைக் கண்டிக்க வேண்டிய திருச்சபை அதனை மெழுகிவிடலாமா? குடியால் சீரழிந்த குடும்பங்களை அறிந்தவர் எழுப்பும் ஐயம் இது; அதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது.

நாம் சிறுவயதில் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த ஏழு ஞான இரக்கச் செயல்களை நினைவுகூர்வோம். பாவிகளைக் கண்டித்துத் திருத்துவது அவற்றுள் ஒன்று. துயருற்றோரைத் தேற்றுவது மற்றொன்று. இரண்டும் இரக்கச் செயல்களே. ஆனால் அவை வெவ்வேறு செயல்கள். வெவ்வேறு வேளைக்கும் வெவ்வேறு ஆளுக்கும் உரியவை. கண்டித்தல் திருந்தக்கூடியவருக்கு உரியது. உயிரோடு இருந்தபோது அவர் கையிலிருந்த குவளையைத் தட்டிவிடுவது இரக்கம். அவர் பிணத்தின் அருகே நின்று குவளையைப் பற்றிப் பேசுவது இரக்கமன்று. மேலும், அங்கே அமர்ந்திருப்பவள் குடித்தவள் அல்லள். கணவனின் குடியால் பலகாலம் அடியும் பசியும் கடனும் சுமந்தவள் அவள். ஊர் அவள் முகத்தில் வீசும் சொல், குடித்தவனுக்குப் போய்ச் சேராது. அவனால் துன்புற்றவளையே இரண்டாம் முறை துன்புறுத்தும்.

திருச்சபையின் நடைமுறையே இவ்வழியில் வளர்ந்து வந்துள்ளது. தற்கொலை செய்துகொண்டோரை எடுத்துக்கொள்ளுங்கள். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மனமறிந்து தற்கொலை செய்துகொண்டவர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் அந்தத் தடை இடம்பெறவில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தற்கொலை பெருந்தவறு என்பதை விட்டுக்கொடுக்காமலே, கடும் மனக்கலக்கமும் அச்சமும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களது மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் அவர்களுக்கு மனமாற்றத்தின் வாய்ப்பை அளிக்கக்கூடும் என்றும் கற்பிக்கிறது. ஒழுக்கநெறி தளரவில்லை, பெற்றோரின் கண்ணீர் இடம் பெற்றது. தீர்ப்புக்கும் ஆறுதலுக்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பதை இது காட்டுகிறது.

எப்படித் தேற்றுவது?

யோபுவின் நண்பர் மூவரை நாம் எப்போதும் பழிக்கிறோம். ஆனால் தொடக்கத்தில் அவர்கள் செய்தது மிகச் சரியானது. தொலைவிலிருந்து வந்தனர், நண்பரின் கோலம் கண்டு கதறினர், ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்தனர், ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாய் திறந்து காரணம் விளக்கத் தொடங்கியபோதுதான் அவர்கள் வழி தவறினர். கடவுளுக்காக வாதாடுகிறோம் என்று எண்ணிய அவர்களைக் கடவுளே இறுதியில் கடிந்துகொண்டார். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1984 பிப்ரவரி 11-இல் துன்பத்தின் பொருள் குறித்து வெளியிட்ட திருத்தூது மடலில், யோபுவின் வரலாற்றை எடுத்துக்காட்டி, எல்லாத் துன்பமும் குற்றத்தின் விளைவு என்பது உண்மையன்று என்று தெளிவுபடுத்துகிறார். அதே மடலின் இறுதிப் பகுதியில் நல்ல சமாரியரிடம் நம்மை அழைத்துச் செல்கிறார். காயமுற்றவன் அந்த ஆபத்தான வழியில் தனியே ஏன் போனான் என்று கேளாமல், நின்று, குனிந்து, எண்ணெயும் இரசமும் வார்த்தவர் அல்லவா அவர்!

ஆகவே துக்க வீட்டில் நாம் சொல்லக்கூடாதவை சில உண்டு. ‘எல்லாம் கடவுள் சித்தம்’ என்பது, துயருற்றவர் தாமே நாளடைவில் கண்டடைய வேண்டிய உண்மை. பிறர் முதல் நாளில் அவர் மேல் சுமத்தினால் அது கல்லாகிவிடும். ‘அப்போதே சொன்னேனே’ என்பது ஆறுதல் அன்று. நம் அறிவைப் பற்றிய தற்புகழ்ச்சி. ‘விட்டது தொல்லை’ என்னும் சொல் உண்மைபோல் தோன்றினும் கொடியது. குடிகாரக் கணவனை இழந்தவளின் நெஞ்சில் சினமும் அன்பும் ஒன்றாகவே கொதிக்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து அவளிடம் நீட்டுவது அவளை அறியாதவரின் செயல்.

துயருக்குரிய மருந்துகளாகப் புனித தோமா அக்குவினா ஐந்தினைக் கூறுகிறார்: இன்பம் தருவன, கண்ணீர், நண்பரின் பரிவு, உண்மையைத் தியானித்தல், உறக்கமும் நீராடலும். விண்ணக உண்மைகளை ஆய்ந்த அந்த மேதை உறக்கத்தையும் குளியலையும் மறக்கவில்லை என்பது நமக்குப் பாடம். அழுபவளை அழ விடுதல், அவள் குழந்தையைச் சற்றுநேரம் தூக்கி வைத்துக்கொண்டு அவளை உறங்கச் செய்தல், வெந்நீர் வைத்துக் கொடுத்தல் ஆகியவையும் ஆன்மீகப் பணியே. நண்பரின் பரிவு ஏன் துயர் தணிக்கிறது என்பதற்கு அவர் இரு காரணங்கள் காட்டுகிறார். பலர் கைகொடுக்கப் பாரம் குறைவதுபோல் தோன்றுவது ஒன்று. தாம் நேசிக்கப்படுகிறோம் என்பதைத் துயருற்றவர் உணர்வது மற்றொன்று. இதுவே மேலான காரணம் என்கிறார். பாரத்தை நம்மால் உண்மையில் இறக்கிவிட முடியாமற் போகலாம். நேசத்தைக் காட்ட எப்போதும் முடியும்.

துக்க வீட்டில் கூட்டம் முதல் மூன்று நாள் இருக்கும். முப்பதாம் நாள் திருப்பலியோடு கலைந்துவிடும். துன்பத்தின் பெரும்பகுதி அதற்குப் பின்னரே தொடங்குகிறது. இறப்புச் சான்றிதழுக்கு அலைவதும், விதவை உதவித்தொகைக்கு மனு எழுதுவதும், ஜூன் மாதம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும், கடன்காரருக்குப் பதில் சொல்வதும் முப்பதாம் நாளுக்குப் பிந்தியவை. அன்பியங்களும் புனித வின்சென்ட் தே பவுல் சபையும் மரியாயின் சேனையும் அங்கேதான் தேவைப்படுகின்றன. அந்த வீட்டில் இன்னும் குடிக்கும் மகனோ தம்பியோ இருப்பானாகில், கண்டித்துத் திருத்தும் இரக்கத்துக்கு வேளை அப்போதுதான் வருகிறது. அதுவும் வசைமொழியால் அன்று. குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு என்று கூறி, கூடச் சென்று காட்டுவதால்.

துயருற்றவருக்கு ஒரு சொல்

ஆறுதலைத் தேடுவோர்க்கும் ஒன்று கூற வேண்டும். உங்கள் சினத்தைக் கடவுளிடம் மறைக்க வேண்டியதில்லை. திருப்பாடல்களுள் மிகப் பல புலம்பல்களே. சிலுவையில் ஆண்டவர் கைவிடப்பட்டவனின் புலம்பலைத் தம் வேண்டுதலாக்கிக்கொண்டார். இறந்தவரை எண்ணி நாணவும் வேண்டியதில்லை. கத்தோலிக்க நம்பிக்கை நமக்கொரு தனிப்பெரும் ஆறுதலை அளிக்கிறது: இறந்தவருக்காக இன்னும் நம்மால் ஏதேனும் செய்ய முடியும். உயிரோடிருந்தபோது நீங்கள் சொல்லியும் கேளாதவருக்காக, இப்போது நீங்கள் மன்றாடலாம், அம்மன்றாட்டு வீண்போவதில்லை. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைகள் மந்திரிக்கப்படும்போது, நற்சாவு அடைந்தவர் குழிமேல் எரியும் மெழுகுதிரிக்கும், உங்கள் கணவர் குழிமேல் எரியும் மெழுகுதிரிக்கும் ஒளியில் வேறுபாடு இல்லை. தீர்த்தம் தெளிக்கும் குரு, யார் எப்படி இறந்தார் என்று கேட்டுத் தெளிப்பதில்லை.

திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் தொடக்கத்தில், கடவுளை எல்லா ஆறுதலின் ஊற்றாகப் போற்றுகிறார். நாம் பெற்ற ஆறுதல் நம்மோடு நின்றுவிட அன்று, துன்புறும் பிறரைத் தேற்றவே அளிக்கப்பட்டது என்கிறார். உயிர்மேல் நம்பிக்கையே அற்றுப்போன அளவுக்குத் துன்புற்ற பின் எழுதிய சொற்கள் அவை. அதே திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில், மக்கெதோனியாவில் தாம் சோர்ந்து கிடந்தபோது கடவுள் எவ்வாறு ஆறுதல் அளித்தார் என்பதையும் சொல்கிறார். வானதூதர் வரவில்லை, காட்சி எதுவும் தோன்றவில்லை. தீத்து வந்து சேர்ந்தார். அவ்வளவுதான். ஒரு நண்பரின் வருகையைக் கடவுளின் ஆறுதல் என்று பவுல் அழைக்கிறார்.

ஊர் செல்லத் தயங்கும் வீடு ஒன்று உங்கள் தெருவிலும் இருக்கலாம். குடியால் இறந்தவரின் வீடாக இருக்கலாம். தற்கொலை நிகழ்ந்த வீடாக இருக்கலாம். சிறை சென்றவரின் வீடாக இருக்கலாம். அங்கே சொல்ல உங்களிடம் விளக்கம் இல்லாமற் போகலாம், விளக்கம் தேவையுமில்லை. செல்லுங்கள், அமருங்கள். அந்த வீட்டுக்கு இறைவன் அனுப்பும் தீத்து ஒருவேளை நீங்களாகவே இருக்கலாம்.